பேரன் இல்லாத புட்டி

செருப்புக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் காலைப் பார்ப்பார். இரண்டு மூன்று ஜோடிகளை எடுத்துப் போட்டு, நடந்து பாருங்கள் என்பார். நாம் அறிந்த முறை இது. ஆனால் செல்வம் கொழித்த அமெரிக்க நாட்டில், 1920-களில் தொடங்கி சுமார் முப்பது ஆண்டுக் காலம் வேறொரு முறை இருந்தது. கடையின் நடுவே ஆள் இடுப்புயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. குழந்தை அதன் மேல் ஏறி நின்று, கீழே உள்ள துளையில் காலை நுழைக்கும். விசையைத் தட்டினால் எக்ஸ்ரே பாயும். மேலே உள்ள கண்ணாடி வழியே குழந்தையும் தாயும் கடைச் சிப்பந்தியும் எட்டிப் பார்ப்பார்கள். செருப்புக்குள்ளே இருக்கும் பாதத்தின் எலும்புகள் பளிச்சென்று தெரியும்! குழந்தைக்கு வேடிக்கை. முதலாளிக்கு விளம்பரம். சிப்பந்தியோ காலை முதல் இரவு வரை அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே நின்று பிழைத்தான்.

யாருக்கும் வலிக்கவில்லை. தோல் சிவக்கவில்லை. காய்ச்சல் வரவில்லை. வலி இல்லையென்றால் தீங்கும் இல்லை என்பது அன்றைய கணக்கு. அந்தக் கணக்கு தப்பு, வலிக்காத கதிரும் உயிரின் வித்தைத் தாக்கும், அந்த அடியை வாங்குவது கதிர் பட்டவன் அல்ல, அவனுக்குப் பின்னால் வருகிறவன் என்று 1927-ம் ஆண்டிலேயே நிரூபித்தவர் ஒருவர் உண்டு. ஹெர்மன் ஜோசப் முல்லர் என்பது அவர் பெயர்.

விஞ்ஞானியின் கதை பாட்டாளித் தோழர்களுக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கதிர் பாயும் இடத்தில் கூலிக்கு நிற்பவன் யார்? குண்டு விழுந்த ஊரில் ஓட இடமில்லாமல் நின்றவன் யார்? அது தெரிந்த பின் அந்தக் கேள்வி எழாது. அது மட்டுமல்ல. முல்லர் தாம் கண்ட உண்மையை அமெரிக்க ஆட்சியாளரிடம் சொன்னார், மருத்துவர்களிடம் சொன்னார், தாம் நம்பிப் போன சோவியத் நாட்டிலும், முகத்துக்கு நேரே, தமது தோழர்களிடமே சொன்னார். எதிரியிடம் உண்மை பேசுவது எளிது. தோழனிடம் பேசுவது இருக்கிறதே, அதுதான் கடினம்.

1890-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி நியூயார்க் நகரில் முல்லர் பிறந்தார். பாட்டனார் ஜெர்மனியில் ரைன் நதிக்கரைக்காரர். 1848-ல் ஐரோப்பாவெங்கும் முடியாட்சியை எதிர்த்து மூண்ட புரட்சி அடக்கப்பட்ட பிறகு கடல் கடந்து வந்து, உலோகக் கலைப்பொருள்கள் செய்யும் பட்டறை ஒன்றை நிறுவியவர். தந்தைக்கும் அதே தொழில். பட்டறைக்காரர்தான், ஆனால் அறிவுப் பசி உள்ளவர். மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது நியூயார்க்கில் உள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிசாலைக்கு அழைத்துப் போனார். பல லட்சம் ஆண்டுகளில் குதிரையின் கால்விரல்கள் எப்படிக் குறைந்து ஒற்றைக் குளம்பாயின என்பதைக் காட்டும் புதைபடிவங்கள் அங்கே வரிசையாக இருந்தன. படைத்தவன் ஒருநாளில் படைத்துவிடவில்லை, மாறி மாறி வந்தது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனதில் பதிந்தது. 1900-ம் ஆண்டில் தந்தை இறந்தார். பையனுக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை.

உபகாரச் சம்பளம் கிடைத்ததால் 1907-ல் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். கோடை விடுமுறை வந்தால் மற்ற மாணவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். முல்லர் வேலைக்குப் போவார். ஒரு கோடையில் பாங்கியில் ஓட்டப் பையன். இன்னொரு கோடையில் ஓட்டல் குமாஸ்தா. நாள் ஒன்றுக்கு 14 மணி நேர வேலை, மாதம் 25 டாலர் கூலி! பின்னாளில் நோபல் பரிசு பெற்றவரின் வாழ்க்கைக் குறிப்பில் இந்தக் கூலிக் கணக்கும் இடம் பெற்றிருக்கிறது.

கொலம்பியாவில் அன்று மார்கன் என்ற பேராசிரியரின் சிறு ஆராய்ச்சி அறை உலகப் புகழ் பெற்று வந்தது. அறை என்றால் பெரிய மாளிகை அல்ல. நமது தோழர் ஒருவரின் வீட்டுத் திண்ணையைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். உள்ளே எங்கு பார்த்தாலும் பால் புட்டிகள். புட்டிக்குள் அழுகிய வாழைப்பழம். பழத்தில் ஈக்கள். கனிந்த பழத்தை மொய்க்கிறதே, கடுகளவு ஈ, அதுதான். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மனிதனுக்கு நூறாண்டு காத்திருந்தாலும் நாலு தலைமுறை பார்ப்பது அரிது. ஈயிடம் ஓராண்டில் முப்பது தலைமுறை பார்த்துவிடலாம்.

அந்த அறையில் வெளிவந்த உண்மை இது. உயிரணு ஒவ்வொன்றின் உள்ளேயும் நூல் போன்ற இழைகள் உண்டு. அந்த இழைகளில், கயிற்றில் மணி கோத்தாற்போல் பாரம்பரியக் கூறுகள் வரிசையாக இருக்கின்றன. ஜீன் என்பார்கள், இன்றைய பாடநூல்களில் மரபணு. கண்ணின் நிறம், இறகின் வடிவம், உடலின் கட்டு எல்லாவற்றுக்கும் உரிய கட்டளை அவற்றில் இருக்கிறது. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. எப்போதாவது ஒரு மணி தானாகவே மாறிப் போகும். சிவந்த கண் ஈக்கள் நடுவே வெள்ளைக் கண் ஈ ஒன்று பிறக்கும். மாறிய மணி மாறியபடியே வழிவழியாக இறங்கும். இந்தத் திடீர் மாற்றம் ஏன் வருகிறது? அதை நாமே உண்டாக்க முடியுமா? மார்கன் கூட்டத்தில் முல்லரை விடாமல் துரத்திய கேள்வி அது.

அவர் எளிதில் ஒத்துப் போகிற மனிதர் அல்லர். தாம் தந்த யோசனைகளுக்கு உரிய மதிப்புத் தமக்குத் தரப்படவில்லை என்ற மனக்குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை செய்துகொண்டே ஆராய்ச்சி அறைக்கு வந்து போனவர் அவர். முழு நேரமும் அங்கேயே இருந்தவர்களுக்குக் கிடைத்த பங்கு அவருக்குக் கிடைக்கவில்லை. இது அவருடைய சுபாவக் கோளாறா, நியாயமான குறையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் முன்வரவில்லை. 1916-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1920-ல் தெற்கே டெக்ஸாஸ் மாநிலப் பல்கலைக் கழகத்துக்குப் போனார்.

எக்ஸ்ரே தீங்கு செய்யும் என்பது முன்பே தெரியாதா என்றால், ஒரு பாதி தெரியும். 1895-ல் ஜெர்மனியில் ரான்ட்ஜன் அந்தக் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த சில ஆண்டுகளிலேயே அதைக் கையாண்டவர்களின் தோல் வெந்தது, விரல் அழுகியது. எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி என்ற கைத்திறன் மிக்க தொழிலாளி, எக்ஸ்ரேக் குழாயைத் தன் கையை வைத்தே சோதித்துச் சோதித்துப் புண் பிடித்து, இரண்டு கைகளையும் வெட்டியெடுத்தும் பிழைக்காமல் 1904-ல் மாண்டார். எடிசன் பயந்துபோய் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார். ஆகவே தோல் வெந்தால் ஆபத்து என்று உலகம் தெரிந்துகொண்டது. வேகாத அளவுக்குக் கதிர் பட்டால்? ஒன்றுமில்லை என்று நினைத்தது. முல்லர் கை வைத்தது அந்த இடத்தில்தான்.

சோதனை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்லுகிறோம். கடினமென்று தோழர்கள் தாண்டிவிட வேண்டாம், சுவையானது.

முல்லர் தனி வகைப் பெண் ஈ ஒன்றைப் பல ஆண்டு பாடுபட்டு உருவாக்கி வைத்திருந்தார். அதன் எக்ஸ் இழை ஒன்றில் மூன்று அடையாளங்கள். ஒன்று, கண் ஒடுங்கியிருக்கும், பார்த்தவுடன் தெரியும். இரண்டு, அந்த இழை தன் துணை இழையோடு மணிகளைப் பரிமாறிக் கொள்ளாது. மூன்று, அந்த இழையைப் பெறுகிற ஆண் குஞ்சு பிறப்பதற்கு முன்பே செத்துவிடும். இனி, ஆண் ஈ ஒன்றின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி இந்தப் பெண்ணோடு விடுகிறார். பிறக்கும் மகள்களில் ஒடுங்கிய கண் உள்ளவற்றை மட்டும் பொறுக்கி எடுக்கிறார். இந்த மகளிடம் தாய் தந்த இழை ஒன்று. கதிர் பட்ட தந்தை தந்த இழை ஒன்று. ஒவ்வொரு மகளையும் தனித்தனிப் புட்டியில் விடுகிறார். அவள் பெறுகிற பிள்ளைகளில், தாய்வழி இழையைப் பெறும் ஆண்கள் விதிப்படி சாகும். பிழைக்க வேண்டியவை தாத்தாவின் இழையைப் பெற்ற ஆண்கள் மட்டுமே. தாத்தாவின் இழை பழுதில்லாமல் இருந்தால் அவை பிறக்கும், பறக்கும். கதிர் அந்த இழையில் உயிர்க்கொல்லிப் பழுது எதையாவது உண்டாக்கியிருந்தால்? அவையும் பிறக்கமாட்டா. புட்டியை எடுத்துப் பார்த்தால் ஆண் ஈயே இராது!

தாத்தா ஈ நன்றாகவே இருந்தது. பறந்தது, தின்றது, கூடியது. மகளும் பார்வைக்கு நன்றாகவே இருந்தாள். பேரன் மட்டும் இல்லை. இதைவிட எளிமையாக ஒரு பெருந்தீமையை எவரேனும் காட்டியிருக்கிறார்களா என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம், நினைவுக்கு வரவில்லை. பூதக்கண்ணாடிகூடப் பெரிதாக வேண்டியதில்லை. புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் போதும்.

அப்படிப் பேரன் இல்லாத புட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பலத்த அளவு கதிர் பட்ட ஈக்களில் திடீர் மாற்றங்கள், கதிர் படாதவற்றைவிடச் சுமார் 150 மடங்கு பெருகியிருந்தன. 1927 ஜூலையில் இதைச் சுருக்கமாக அச்சில் வெளியிட்டார். செப்டம்பரில் பெர்லின் நகரில் கூடிய சர்வதேச மரபியல் மாநாட்டில் கணக்குகளை எடுத்து வைத்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை கேடு செய்பவை என்பதும், கதிர் கூடக் கூட மாற்றம் கூடுகிறது என்பதும் தெளிவாயின. உடனே அவர் மனிதனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நோயாளிக்கும், அதைவிட முக்கியமாக எக்ஸ்ரேக் கருவியோடு அன்றாடம் வேலை செய்பவருக்கும் வித்துறுப்புகளைக் காப்பாற்ற மறைப்பு வேண்டும், தேவையில்லாத இடத்தில் கதிரைப் பாய்ச்சக் கூடாது என்றார். ஈ பிடிக்கிறவன் எங்களுக்குப் பாடம் சொல்லுவதா என்று மருத்துவர் சிலர் முகம் சுளித்தனர். செருப்புக் கடைப் பெட்டிகளோ பெருகிக் கொண்டே போயின.

இதே காலத்தில் அவர் அரசியலிலும் இறங்கினார். டெக்ஸாஸ் மாணவர்கள் ரகசியமாக நடத்திய இடதுசாரிப் பத்திரிகை ஒன்றுக்குத் துணை நின்றார். பத்திரிகையின் பெயர் தீப்பொறி. துப்பறியும் போலீஸ் அவர் பின்னால் சுற்றியது. குடும்பத்திலும் நிம்மதியில்லை. 1932 ஜனவரியில் மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார், பிழைத்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கில் கூடிய மாநாடு ஒன்றில், ஏழை எளியோர் பிறவியிலேயே மட்டமானவர்கள், அவர்கள் பிள்ளை பெறக் கூடாது என்று பேசிவந்த பணக்காரப் பண்டிதர்களை எதிரே நின்று தாக்கினார். சோறும் பள்ளியும் வீடும் ஒருவனுக்கு ஒருவிதமாகவும் மற்றவனுக்கு வேறுவிதமாகவும் இருக்கும்வரை, யாருடைய குறை பிறப்பில் வந்தது, யாருடையது வறுமையில் வந்தது என்று எவனாலும் பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர் வாதம்.

பெர்லினுக்குப் போனார். சில மாதங்களில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். 1933-ல் வாவிலோவ் என்னும் மாபெரும் ருஷ்ய விஞ்ஞானி அழைத்தார். ஈக்களை மூட்டை கட்டிக்கொண்டு முல்லர் சோவியத் யூனியன் சென்றார். முதலில் லெனின்கிராட், பிறகு மாஸ்கோ. புதிய சமுதாயம், திட்டமிட்ட விஞ்ஞானம், கேட்ட கருவி, கேட்ட ஆட்கள்! அவர் மகிழ்ந்து உழைத்த ஆண்டுகள் அவை.

பிறகு வந்தான் லைசென்கோ. விதையைக் குளிரூட்டிப் பக்குவப்படுத்தினால் பயிரின் குணத்தையே மாற்றிவிடலாம், அந்தக் குணம் அதன் சந்ததிக்கும் இறங்கும், ஜீன் என்பதெல்லாம் முதலாளித்துவக் கற்பனை என்று அவன் கிளம்பினான். பஞ்சத்தில் அடிபட்ட நாடு. சீக்கிரம் விளைச்சல் வேண்டும். ஆட்சிபீடம் அவன் பேச்சை நம்பியது. 1936 டிசம்பரில் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் முல்லர் எழுந்து எதிர்த்தார். அவர் எடுத்து வைத்த வாதம் தொழிலாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. வாழ்ந்த வாழ்க்கையின் சுவடு அப்படியே பிள்ளையின் பிறவிக் குணமாக இறங்கும் என்றால், நூற்றாண்டு நூற்றாண்டாகப் பட்டினியில், அறியாமையில், அடிமைத்தனத்தில் கிடந்த மக்கள் பிறவியிலேயே தாழ்ந்தவர்களாகிவிட்டார்கள் என்றல்லவா ஆகும்? உழைக்கும் வர்க்கத்தையும் அடிமை நாடுகளையும் இழிவு செய்ய இதைவிட வேறு தத்துவம் வேண்டுமா? புரட்சிப் பெயரில் வந்த கொள்கை, கடைசியில் நிறவெறியனின் வாசலில் போய் நிற்கிறது என்று அவர் காட்டினார்.

வாதத்தில் அவரை வெல்ல முடியவில்லை. ஆனால் வாதமா அங்கே நடந்தது? டெக்ஸாஸில் அவரிடம் வந்து பயின்று போன ஆகோல் 1937-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். மாஸ்கோவில் மனித மரபியலுக்கென்றே தனி நிலையம் நடத்திய லெவிட் 1938-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். இருவரும் பொதுவுடைமையாளர்களே. வாவிலோவ் 1940-ல் கைதாகி, உலகத்தின் பட்டினியை ஒழிக்க நாடு நாடாகச் சென்று விதை சேகரித்த அந்த மனிதர், 1943 ஜனவரியில் சரட்டோவ் சிறையில் சோறின்றி நலிந்து மாண்டார். நம்மவர் செய்த தவறு என்று மூடி மறைக்க வேண்டியவை அல்ல இவை. மறைத்தால் மாண்டவர்களுக்கு இரண்டாவது மரணம்.

முல்லரையும் நாம் புனிதராக்கப் போவதில்லை. அதே 1936-ல் அவர் ஸ்டாலினுக்குத் தமது நூலொன்றையும் கடிதம் ஒன்றையும் அனுப்பினார். சிறந்த ஆடவரின் வித்தைக் கொண்டு, விரும்பும் பெண்கள் சிறந்த பிள்ளைகளைப் பெறச் செய்யலாம் என்பது அதில் உள்ள திட்டம். யார் சிறந்தவர், யார் தீர்மானிப்பது? நியூயார்க்கில் பணக்காரப் பண்டிதரிடம் கேட்ட கேள்வியைத் தம்மையே அவர் போதிய அளவு கேட்டுக்கொள்ளவில்லை. இந்த எண்ணம் கடைசிவரை அவரை விடவில்லை. அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, கலிபோர்னியாக் கோடீஸ்வரர் ஒருவர் அவர் பெயரைச் சொல்லி ஒரு வித்து வங்கி தொடங்கியபோது, முல்லரின் மனைவியே எழுந்து ஆட்சேபிக்க நேர்ந்தது.

ருஷ்யாவை விட்டு வெளியேற அவர் தேர்ந்த வழியைப் பாருங்கள். 1937-ல் ஸ்பெயின் நாட்டுக் குடியரசைப் பாசிஸ்டுகளிடமிருந்து காக்கப் போராடிய சர்வதேசப் படைக்குத் தொண்டராகப் போனார்! மாட்ரிட் நகரில், கனடா நாட்டு டாக்டர் பெத்யூன் அமைத்த ரத்ததான நிலையத்தில் சில வாரம் வேலை செய்தார். ஓடிப்போனவன் என்று சொல்லி, பின்னால் தங்கிய நண்பர்களை யாரும் வதைக்கக் கூடாதே என்ற எண்ணமும் அதில் இருந்தது.

அதன் பிறகு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரம். அங்கேதான் நம் நாட்டவர் ஒருவர் இந்தக் கதையில் வருகிறார். ராய் சவுத்ரி என்ற வங்காள இளைஞர் முல்லரிடம் மாணவராக இருந்தார். அவருக்குத் தரப்பட்ட வேலை: ஒரே அளவு கதிரைச் சில நிமிடத்தில் பாய்ச்சினாலும், பல நாட்களுக்குச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சினாலும் விளைவு ஒன்றா, வேறா? ஈக்களில் எண்ணிப் பார்த்தார், ஒன்றாகவே வந்தது. தொழிலாளிக்கு இது பெரிய செய்தி. தினம் கொஞ்சம்தானே என்று சொல்லிச் சொல்லி வேலை வாங்குகிறானே, அந்தக் கொஞ்சங்கள் கரைந்து போவதில்லை, கூடிக் கொண்டே போகின்றன. பின்னாளில், 1958-ல், அமெரிக்காவின் ஓக்ரிட்ஜ் நகரில் ரஸ்ஸல் என்பவர் எலிகளை வைத்துப் பார்த்தபோது, மெதுவாகப் பாயும் கதிர் செய்யும் கேடு குறைவு என்று கண்டார். உயிரணு தன் பழுதைத் தானே ஓரளவு செப்பனிட்டுக் கொள்கிறது. குறைவு என்றுதான் கண்டார். இல்லை என்று காணவில்லை.

எடின்பரோவில் அவர் தூண்டுதலால் ஷார்லட் ஔவர்பாக் என்ற யூத அகதிப் பெண்மணி ரசாயனங்களைச் சோதித்தார். முதல் உலகப் போரில் வீசப்பட்ட கடுகு வாயுவும் கதிரைப் போலவே ஜீனைச் சிதைக்கிறது என்று 1941-ல் நிலைநாட்டினார். யுத்த ரகசியம் என்று சொல்லிப் பல ஆண்டு வெளியிட விடவில்லை. 1939-ல் அங்கே கூடிய மரபியல் அறிஞர்கள் வெளியிட்ட அறிக்கையையும் முல்லர்தான் பெரும்பாலும் எழுதினார். எல்லா மக்களுக்கும் சமமான வாழ்க்கை வசதி இல்லாமல் மனித இனத்தின் மேம்பாடு பற்றிப் பேசுவது வீண் என்றது அறிக்கை. அது வெளிவந்த சூட்டோடு இரண்டாவது உலகப் போர் மூண்டது.

1940-ல் அமெரிக்கா திரும்பினார். நிலையான வேலை எளிதில் கிடைக்கவில்லை. ஐம்பது வயது, சிவப்பு முத்திரை வேறு. 1945-ல்தான் இண்டியானா பல்கலைக் கழகம் இடம் கொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமா. 9-ந் தேதி நாகசாகி. அடுத்த ஆண்டு, 1946-ல், முல்லருக்கு நோபல் பரிசு! கண்டுபிடித்தது 1927. கௌரவித்தது 1946. இடையில் உலகம் பத்தொன்பது ஆண்டு தூங்கியது. குண்டுச் சத்தத்தில்தான் விழித்தது. ஸ்டாக்ஹோம் மேடையில் அவர் நன்றி சொல்லி அமர்ந்துவிடவில்லை. இந்த அளவுக்குக் கீழே தீங்கே இல்லை என்று கோடு கிழிக்க முடியாது, எவ்வளவு சிறிய அளவுக்கும் அதற்குரிய ஆபத்து உண்டு என்று எச்சரித்தார். எல்லா விஞ்ஞானிகளும் இதை முடிந்த முடிவாக ஏற்றுக்கொள்ளவில்லை; தர்க்கம் இன்னும் நடக்கிறது. ஆனால் நாடுகள் வகுத்துள்ள பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை அந்த எண்ணமே.

ஈயில் கண்டது மனிதனுக்கு எந்த அளவு? இதை அறிய 1947-ல் முல்லர் உள்ளிட்ட சில அறிஞர்கள் கூடினார்கள். ஜப்பானில் ஆராயலாம், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு விளைவு அகப்படுவது அரிது என்று முன்கூட்டியே சொன்னார்கள். காரணம் உண்டு. கேடான மாற்றங்களில் பெரும்பாலானவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் மறைந்து கிடக்கும். பல தலைமுறை கழித்து, இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளிப்படும். ஈயை எண்ணியதுபோல் மனிதனை எண்ண முடியாது.

ஆய்வு நடந்தது. அதற்கு வழி செய்தது எது தெரியுமா? ரேஷன்! போருக்குப் பிந்திய ஜப்பானில் கர்ப்பிணிகளுக்கு ஐந்தாம் மாதத்திலிருந்து கூடுதல் ரேஷன் தரப்பட்டது. அதற்காகப் பதிவு செய்ய வந்த தாய்மார்களைக் கொண்டே பிறப்புகளைத் தொடர்ந்தார்கள். 1948 முதல் 1954 வரை எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள். நீல், ஷல் என்ற இருவர் தொகுத்து 1956-ல் வெளியிட்டார்கள். குண்டுக்குப் பிறகு கருவான பிள்ளைகளில் பிறவிக் கோளாறோ சாப்பிறப்போ தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. அதன் பிறகு பல்லாண்டு தொடர்ந்த ஆய்வுகளும் அதையே சொல்லுகின்றன. 1986-ல் செர்னோபில் உலை வெடித்தபோது துப்புரவு செய்யப் போனவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான முடிவும் புதிய மாற்றங்கள் கூடவில்லை என்கிறது.

அப்படியானால் முல்லர் சொன்னது பொய்யா? இல்லை. ஈயிலும் எலியிலும் கண்டது கண்டதுதான். மனிதனிடம் அது நாம் எண்ணக்கூடிய அளவைவிடக் குறைவாக இருக்கிறது, அவ்வளவே. குண்டு பட்டவர்களின் சொந்த உடலிலோ ரத்தப் புற்றும் மற்றப் புற்றுகளும் கூடின. தாய் வயிற்றில் இருக்கையில் கதிர் பட்ட சில பிள்ளைகள் சிறுத்த தலையோடும் மந்த அறிவோடும் பிறந்தனர். இதையும் பாரம்பரியக் கேட்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. குழப்பியதன் பலனை யார் அனுபவித்தது? ஹிரோஷிமாவில் பிழைத்தவரின் மகளைக் கட்டமாட்டோம், மகனுக்குப் பெண் தரமாட்டோம் என்று விலக்கி வைத்தார்களே, அந்தப் பிள்ளைகள்தாம்! ஒன்றுமே ஆகாது என்ற பொய்யும், எல்லாமே ஊனம் என்ற பொய்யும், இரண்டும் விழுவது ஏழையின் தலையில்.

நம் பக்கத்திலும் இந்த விசாரணை உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதைத் தோழர்கள் அறிவார்கள். அதே கடற்கரையில் வடக்கே கேரளத்துக் கொல்லம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் இயற்கைக் கதிர் மிகுந்த மண்ணில் குடியிருக்கிறார்கள். உலகில் ஆராயத் தக்க இடம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர்கள் 1959-லேயே குறித்த கரை அது. 1995 முதல் அங்கே பிறந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்ததில், பிறவிக் குறை கூடியதாகத் தென்படவில்லை.

1948-ல் ருஷ்யாவில் லைசென்கோவின் கொள்கையே அரசின் கொள்கை என்று அறிவிக்கப்பட்டது. சோவியத் விஞ்ஞானக் கழகம் தமக்குத் தந்திருந்த உறுப்பினர் பதவியை முல்லர் உதறி எறிந்தார். மாஸ்கோவில் அவரை முதலாளித்துவக் கையாள் என்றார்கள். சொந்த நாட்டிலோ அவர் பழைய சிவப்பர்! 1955 ஆகஸ்டில் ஜெனீவாவில் அணுசக்தியின் சமாதான உபயோகம் பற்றி ஐக்கிய நாடுகள் சபை மாநாடு கூட்டியது. தலைவர் நம் ஹோமி பாபா. கதிர் எப்படிப் பாரம்பரியத்தைப் பாதிக்கிறது என்று முல்லர் எழுதிய கட்டுரையை அமெரிக்க அணுசக்திக் கமிஷன் தடுத்துவிட்டது. சொன்ன காரணம், அதில் ஹிரோஷிமாவைப் பற்றிய பேச்சு இருக்கிறதாம்! போட்டவர்களுக்கு வெட்கமில்லை, பேசினால்தான் வெட்கம். முல்லர் பார்வையாளராகப் போய் உட்கார்ந்தார். அவர் சபையில் இருப்பதை அறிந்த உலக விஞ்ஞானிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். விஷயம் பத்திரிகைகளில் நாறவே, கமிஷன் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதற்கு முந்திய மாதம்தான் ரஸ்ஸலும் ஐன்ஸ்டீனும் யுத்தத்தை எதிர்த்து விடுத்த பிரகடனத்தில் முல்லர் கையெழுத்திட்டிருந்தார். ஆயுதக் குறைப்பு எல்லா ஆயுதங்களிலும் சரிசமமாக நடக்க வேண்டும் என்ற ஒரு திருத்தத்தோடுதான் இட்டார். அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா மட்டும் உடனே நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நமக்கு இது உவப்பாக இல்லை, இருந்தும் சொல்லிவிட்டோம். சோதனையால் கேடே இல்லை என்று அதிகாரிகள் சொன்னபோது, பொய் சொல்லாதீர்கள், கேடு உண்டு, பிறக்கப்போகிற பலரை அது தாக்கும், அதை ஒப்புக்கொண்டு பிறகு உங்கள் நியாயத்தைப் பேசுங்கள் என்பது அவர் நிலை.

1956-ல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தின் குழு, அவரும் அங்கம் வகித்த குழு, முப்பது வயதுக்குள் பொதுமக்களின் வித்துறுப்புக்குச் சராசரி 10 ரான்ட்ஜனுக்கு மேல் கதிர் படலாகாது என்று வரம்பு கட்டியது. அடுத்த ஆண்டு பென்சில்வேனியா மாநிலம் செருப்புக் கடை எக்ஸ்ரேப் பெட்டியைத் தடை செய்தது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. இன்று நம் நாட்டில் கதிர்வேலை செய்யும் தொழிலாளிக்கு ஓராண்டில் 30 மில்லி சீவர்ட்டுக்கு மேலும், ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20-க்கு மேலும் போகக் கூடாது என்பது விதி. எக்ஸ்ரே அறையில் வேலை செய்யும் தோழரின் சட்டையில் குத்தியிருக்கும் சிறு பட்டை அதைத்தான் அளக்கிறது. பட்டையைத் தந்தார்களா, அளவைப் படித்துக் காட்டினார்களா என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

லைசென்கோ 1965-ல் பதவியிழந்ததை முல்லர் கண்ணால் பார்த்தார். 1967 ஏப்ரல் 5-ந் தேதி இண்டியானாபொலிஸ் நகரில் காலமானார். அவர் உருவாக்கிய ஈ வகைகளில் முல்லர்-5 என்று பெயர் பெற்ற ஒன்று, அவர் போன பிறகும் ஆராய்ச்சிச் சாலைகளில் வாழ்ந்தது. புதிய மருந்தோ பூச்சிக்கொல்லியோ வந்தால், அது ஜீனைக் கெடுக்குமா என்று பார்க்க, அந்த ஈக்களைப் புட்டியில் விட்டு, பேரன் பிறந்திருக்கிறானா என்று எண்ணினார்கள்.